கையில் கொஞ்சம் காசு. கண்காட்சியில் கடை போடலாமா? முசிறிப் பாய் சொல்லும் கணக்கு!

கண்காட்சியின் கடைசி நாள். இரவு மணி 9½.

சீரியல் பல்பு அணைகிறது. ராட்டினம் நிற்கிறது. டெல்லி அப்பளக் கடைக்காரர் சட்டியை இறக்குகிறார்.

மூலைக் கடையில் ஒரு கணவனும் மனைவியும் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

"எத்தனை போச்சுங்க?"

"110."

"கொண்டு வந்தது?"

"300."

மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை. காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடை வாடகைக்காகக் கம்மல் அடகுக்குப் போய் இருந்தது.

இது நாம் வைத்துக்கொண்ட ஒரு வீடுதான். பெயர் கிடையாது. ஆனால் இப்படிக் கண்காட்சியில் கையைச் சுட்டுக்கொண்ட சிறுதொழில்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பாய்க்குப் பதில் ஊறுகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தி, துணிப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை ஒன்றுதான்.

அப்படியானால் கண்காட்சிக்குப் போகவே கூடாதா?

போகலாம். ஆனால் லாபமா, நஷ்டமா என்பது கண்காட்சித் திடலில் முடிவாவது இல்லை. வண்டி ஏறுவதற்கு முன்பே, முசிறியில், வீட்டுத் திண்ணையிலேயே முடிவாகி விடுகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

காவிரிக் கரைப் பாய்

திருச்சியில் இருந்து நாமக்கல் ரோட்டில் சுமார் 40 கிலோ மீட்டர் போனால் முசிறி. எதிர்க்கரையில் குளித்தலை. நடுவில் அகண்ட காவிரி.

முசிறி, தொட்டியம் வட்டாரத்தில் வாழை, நெல்லுக்கு அடுத்துக் கண்ணில் படுவது கோரை. கிழங்கை ஒரு தடவை நட்டு விட்டால் பல வருஷம் அறுக்கலாம்.

அறுத்த கோரையை உயரம் பார்த்துப் பிரிக்க வேண்டும். கீற வேண்டும். வெயிலில் காய வைக்க வேண்டும். காயும்போது மழை பிடித்தால் நிறம் கறுத்துப் போகும், விலை இறங்கும். பிறகு சாயம், தறி, ஓரம் கட்டுதல் எல்லாம் உண்டு. ஒரு பாய்க்குப் பின்னால் இத்தனை கை இருக்கிறது.

ஆனால் பெரும்பாலான பாய் மொத்த வியாபாரி கைக்குத்தான் போகிறது. அங்கே இருந்து எந்த ஊர், எந்த வீடு, என்ன விலை என்று நெய்தவருக்குத் தெரியாது. வாங்குகிறவருக்கும் இது முசிறிப் பாய் என்று தெரியாது. இடையில் பிளாஸ்டிக் பாய் வேறு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மழையில் நனைந்தாலும் கெடாது, மடித்துப் பையில் வைக்கலாம், விலையும் குறைவு.

இந்த நிலையில் நெய்தவரும் வாங்குகிறவரும் முகத்தோடு முகம் பார்க்கிற இடம் கண்காட்சி ஒன்றுதான். அதனால்தான் அந்த ஆசை. ஆசை தப்பு இல்லை. கணக்குதான் தப்பக்கூடாது.

10 நிமிடத்துக்கு ஒரு பாய்!

நம்ம கம்மல்காரம்மா வீட்டுக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். தொகை எல்லாம் ஒரு பேச்சுக்கு. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

5 நாள் கண்காட்சி. கடை வாடகை ரூ.15,000. வண்டி போக வர ரூ.2,500. இரண்டு பேருக்குச் சாப்பாடு, பஸ் ரூ.3,000. போர்டு, பில் புத்தகம், பை ரூ.1,500. சில்லரைச் செலவு ரூ.1,000.

ஆக மொத்தம் ரூ.23,000.

கோரை, நூல், கூலி எல்லாம் போக ஒரு பாய்க்கு நிற்பது ரூ.80 என்று வையுங்கள். 23,000-ஐ 80-ஆல் வகுத்தால் 288 பாய். இது லாபத்துக்கு அல்ல. போட்ட காசு திரும்புவதற்கு மட்டும்.

5 நாளில் 288 பாய் என்றால் ஒரு நாளைக்கு 58. பத்து மணி நேரம் கடை திறந்து இருந்தாலும் 10 நிமிடத்துக்கு ஒரு பாய் விற்றாக வேண்டும். சாப்பிடப் போகக்கூடாது. மழை வரக்கூடாது. கரண்டு போகக்கூடாது.

நடக்கிற காரியமா?

விற்றது 110. கிடைத்தது ரூ.8,800. நஷ்டம் ரூ.14,200. கம்மல் மீளவில்லை.

அவர்கள் மோசமான பாய் கொண்டு போகவில்லை. விற்கத் தெரியாதவர்களும் இல்லை. வாடகை எவ்வளவு என்று கேட்டார்கள்; அதற்கு எத்தனை பாய் விற்க வேண்டும் என்று வகுத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே முதல் விதி: பணம் கட்டுவதற்கு முன் வகுத்துப் பாருங்கள். ஒரு மணிக்கு எத்தனை உருப்படி விற்க வேண்டும் என்ற எண் வந்ததும், "இது என்னால் ஆகுமா?" என்று உங்களையே கேளுங்கள்.

முதல் கடை ஸ்ரீரங்கத்தில்

சிலர் எடுத்த எடுப்பில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கடை போட ஆசைப்படுவார்கள். அது குளிர்சாதன மண்டபம். வாடகையும் அதற்குத் தகுந்தபடிதான் இருக்கும்.

நீச்சல் தெரியாதவன் ஆடிப்பெருக்கில் இறங்கலாமா?

நம்ம ஊரிலேயே பாடம் படிக்க இடம் இருக்கிறது. திருவிழாக் கடையும் கண்காட்சிதான். மார்கழியில் ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிக்கு வருகிற கூட்டம் எந்தப் பொருட்காட்சிக்கு வரும்? இந்த ஊர், அந்த ஊர் என்று இல்லை. ஆந்திராவில் இருந்தும் வருகிறார்கள்.

தரைக் கடை போட எங்கே அனுமதி, என்ன வாடகை என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். சின்னச் செலவில் மூன்று விஷயம் தெரிந்துவிடும்.

ஒன்று: எந்த அளவுப் பாயைக் கையில் எடுக்கிறார்கள்?

இரண்டு: எந்த விலையில் கீழே வைத்துவிட்டு நகர்கிறார்கள்?

மூன்று: என்ன கேள்வி கேட்கிறார்கள்?

ரெயிலில் வந்தவர் ஆறடிப் பாயைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார். ஆனால் ஒருவர் உட்கார்ந்து ஜபம் செய்கிற சின்ன ஆசனப் பாய் என்றால் "ரெண்டு கொடுங்க" என்பார். இந்த ஒரு விஷயம் தெரிந்து இருந்தால் நம்ம வீட்டுக்காரர்கள் 300 பெரிய பாயை வண்டியில் ஏற்றி இருக்க மாட்டார்கள்.

இதற்கு வண்டி கூட வேண்டியது இல்லை. மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் அடையாள அட்டையைக் காட்டி, தங்கள் பொருளை 25 கிலோ வரை, 100 கிலோ மீட்டர் தூரம் அரசு பஸ்சில் கட்டணம் இல்லாமல் எடுத்துப் போகலாம் என்று தமிழக அரசு 2025-ம் ஆண்டு அறிவித்தது. குளிர்சாதன பஸ்சுக்கு இது பொருந்தாது.

முசிறியில் இருந்து திருச்சி 40 கிலோ மீட்டர்தானே? ஒரு பாய் 2 கிலோ என்றால் 12 பாய் ஆயிற்று. ஆசனப் பாய் என்றால் இன்னும் அதிகம்.

பாதிக் கடை

திருவிழாவில் பாடம் படித்தாயிற்று. இனி கண்காட்சி.

ஒரு முழுக் கடை வேண்டுமா? பாதி போதாதா? கூட்டுக்கு ஒருவரைப் பிடியுங்கள். அவரும் பாய்க்காரராக இருக்கக்கூடாது. உங்களோடு போட்டிக்கு நிற்பார். மணப்பாறை முறுக்குக்காரரோ, மணமேடு கைத்தறித் துண்டுக்காரரோ சரியான ஜோடி. மணப்பாறை முறுக்குக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைப் பார்த்தே ஆள் நிற்கும். முறுக்கு வாங்க நின்றவர் கண் பாய் மேலும் படும் அல்லவா?

கணக்கைப் பாருங்கள். வாடகையில் பாதி ரூ.7,500. வண்டியில் பாதி ரூ.1,250. வீட்டுக்கு ஒரு ஆள் போதும். சாப்பாடு, பஸ் ரூ.1,500. போர்டு, பை ரூ.1,500. சில்லரை ரூ.1,000. மொத்தம் ரூ.12,750.

இப்போது 288 பாய் வேண்டாம். 160 பாய் போதும். ஒரு நாளைக்கு 32.

ஒரு எச்சரிக்கை. கடையைப் பங்கு போட அனுமதி உண்டா என்று நடத்துகிறவர்களிடம் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுகிற பணத்துக்கு ரசீது இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். போன வருஷம் அதே இடத்தில் கடை போட்ட இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, "கூட்டம் வந்துச்சா அண்ணே?" என்று கேளுங்கள். நோட்டீசில் போட்டு இருப்பது ஒன்று; நடந்தது ஒன்றாக இருக்கும்.

வாடகை இல்லாத கடை

இன்னொரு வழி பலருக்குத் தெரிவது இல்லை.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கியது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. குழுக்களின் பொருளை விற்க அரசு சார்பில் கண்காட்சிகள் நடக்கின்றன. நாடு முழுக்க நடக்கிற "சரஸ்" விற்பனைக் கண்காட்சியும் கிராமத்துக் கைப்பொருளுக்காக ஏற்பட்டதுதான். தேர்வு பெற்ற குழுவுக்கு வாடகை இல்லாமல் இடம் கிடைப்பது உண்டு. கலெக்டர் ஆபீசில் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

குழுவில் இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் சிறுதொழில் அமைச்சகம் விற்பனை உதவித் திட்டம் வைத்து இருக்கிறது. அங்கீகரித்த கண்காட்சியில் கடை போட்டால், உச்சவரம்புக்கு உட்பட்டு, பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் இட வாடகை முழுவதும், மற்றவர்களுக்கு 80 சதவீதமும் கிடைக்க வழி உண்டு.

இதற்கு "உதயம்" பதிவு வேண்டும். 2020 ஜூலை 1-ந் தேதி வந்த பதிவு இது. ஆதார், பான் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. "1,000 கொடுங்க, முடிச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இப்படிப்பட்ட உதவி பெரும்பாலும் முதலில் நீங்கள் செலவழித்து, பில்லைக் காட்டிய பிறகுதான் வரும். விண்ணப்பம் மட்டும் முன்கூட்டியே போயிருக்க வேண்டும். உதவி வரும் என்று நம்பி வட்டிக்கு வாங்கினால், வட்டி ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். விவரத்தை மாவட்ட தொழில் மையத்தில் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

கைத்தொழில் கலைஞர்கள் என்றால், மத்திய கைவினைத் துறையின் அடையாள அட்டை வாங்கி வைப்பது நல்லது. திருச்சி சிங்காரத்தோப்பில் பூம்புகார் விற்பனை நிலையம் இருக்கிறது. அங்கே போய் என்ன கண்காட்சி எப்போது என்று விசாரிப்பதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

வாடகை இல்லாத கடை கிடைத்தால் கணக்கு எப்படி? முதல் கணக்கில் வாடகையை மட்டும் எடுத்துவிடுங்கள். செலவு ரூ.8,000. அதற்கு 100 பாய் விற்றால் போதும்.

அதே கம்மல்காரம்மா அதே 110 பாயை விற்று இருந்தால், ரூ.14,200 நஷ்டத்துக்குப் பதில் ரூ.800 மிச்சத்தோடு வீடு திரும்பி இருப்பார்!

அலங்காரம் வேண்டாம், ஆள் உட்காரட்டும்

காசு இல்லாதவர்கள் செய்கிற பெரிய தப்பு, பக்கத்துக் கடையைப் பார்த்துக் கலர் பேனர், பூந்தொட்டி, விளக்கு என்று செலவழிப்பது.

பாய்க்கு விளம்பரம் பாய்தான். ஒரு பாயைத் தரையில் விரித்து வையுங்கள். "உக்காந்து பாருங்கம்மா, வாங்கணும்னு இல்ல" என்று சொல்லுங்கள். கண்காட்சியில் நடந்து நடந்து கால் வலிக்கிறவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? உட்கார்ந்தவர் தடவிப் பார்ப்பார். தடவிப் பார்த்தவர் விலை கேட்பார்.

முடிந்தால் ஒரு சின்னக் கைத்தறியைக் கொண்டு போய் ஒருவர் நெய்துகொண்டு இருக்கட்டும். கூட்டம் தானாக நிற்கும்.

இடம் கேட்கும்போது, வாசலை ஒட்டிய முதல் கடை வேண்டும் என்று சண்டை போடாதீர்கள். உள்ளே நுழைந்த உடனே யாரும் பாய் வாங்கித் தோளில் சுமந்துகொண்டு சுற்ற மாட்டார்கள். வெளியே போகிற வழியில் இடம் கிடைத்தால் நல்லது.

வாங்கிய பாயைச் சுருட்டி, சணல் கயிற்றில் கைப்பிடி கட்டிக் கொடுங்கள். பஸ்சில் போகிறவருக்கு அது பெரிய உதவி.

விலையை எழுதித் தொங்க விடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்து போகிறவர்கள் பாதிப் பேர். செல்போனில் பணம் அனுப்புகிற அட்டையைக் கட்டாயம் வையுங்கள். திடலில் சிக்னல் கிடைக்காமல் போகும்; ஆகவே சில்லரையும் வேண்டும்.

"பத்தமடைப் பாயா?"

கண்காட்சியில் பாய்க் கடையைப் பார்த்ததும் படித்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி: "இது பத்தமடைப் பாயா?"

நெல்லைச் சீமைப் பத்தமடை பெரிய பெயர். பட்டுப்போல மெல்லிய பாய். மணமக்கள் பெயரை நெய்து தருகிற பாய். புவிசார் குறியீடும் உண்டு.

இந்தக் கேள்விக்குத் தலையை ஆட்டி, "ஆமாங்க" என்று சொல்லி விற்கவே கூடாது. விவரம் தெரிந்த ஒருவர் போதும், கடையின் மானத்தை வாங்க.

"இல்லீங்கம்மா, இது முசிறிப் பாய். காவிரிக் கரைக் கோரை. வீட்ல தினமும் போட்டுப் படுக்கிறதுக்கு" என்று நேராகச் சொல்லுங்கள். அதையே போர்டிலும் எழுதுங்கள். ஊர் பெயர், பொருள் பெயர், போன் நம்பர். இந்த மூன்றும் போதும்.

பத்தமடைக்குப் பெயர் வந்தது ஒரே நாளில் அல்ல. வாங்குகிற ஒவ்வொருவரும் ஊர் பெயரை வீட்டுக்கு எடுத்துப் போனதால் வந்தது. முசிறிக்கும் அப்படித்தான் வர வேண்டும்.

40 பக்க நோட்டு

கடைசியாக, எல்லாவற்றையும்விட மலிவான சரக்கு ஒன்று. ஒரு 40 பக்க நோட்டு.

வாங்கியவர், வாங்காமல் விலை மட்டும் கேட்டவர், "எங்க மண்டபத்துக்கு நிறைய வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் எல்லோருடைய பெயரையும் போன் நம்பரையும் அதில் எழுதச் சொல்லுங்கள். என்ன கேட்டார் என்று பக்கத்தில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் போன் பேசுங்கள். ஒரு கல்யாண மண்டபம் 100 பாய் எடுத்தால் அதே ரூ.80 கணக்கில் ரூ.8,000. வாடகை இல்லாத கடையின் முழுச் செலவும் ஒரே போனில் வந்துவிடும்.

கண்காட்சியில் விற்பது 5 நாள் வியாபாரம். நோட்டில் எழுதுவது வருஷம் முழுக்க வியாபாரம்.

டெல்லி வரை போகலாம்

இப்படிப் படிப்படியாக ஏறினால் டெல்லி கூடத் தூரம் இல்லை. பிரகதி மைதானத்தில் 1980 முதல் இந்தியப் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சி நடந்து வருகிறது. வழக்கமாக நவம்பர் 14 முதல் 27 வரை. முதல் சில நாள் மொத்த வியாபாரிகளுக்கு, பிறகு பொதுமக்களுக்கு. தமிழ்நாட்டுக்கென்று தனி அரங்கம் உண்டு. குழுவோ, அரசுத் துறையோ அழைத்துப் போனால் போய் வாருங்கள். சொந்தக் காசில் முதல் தடவையே போக வேண்டாம். வெளிமாநிலத்தில் விற்பதற்கு ஜி.எஸ்.டி. விதி தனியாக உண்டு. ஆடிட்டர் ஒருவரைக் கேட்காமல் சரக்கை ஏற்றாதீர்கள்.

இனி நம்ம வீட்டுக்கு வருவோம்.

அடுத்த கண்காட்சிக்கு நோட்டீஸ் வந்து இருக்கிறது. கணவன் ஆசையோடு கொண்டு வந்து காட்டுகிறார்.

மனைவி நோட்டீசை வாங்கவில்லை. பேனாவும் பேப்பரும் கேட்கிறார்.

"வாடகை எவ்வளவுங்க? சரி. முறுக்குக்கார அண்ணன் பாதிக்கு வர்றாரா கேளுங்க. ஆசனப் பாய் 100, பெரிய பாய் 60 போதும். மகளிர் திட்ட ஆபீஸ்ல நான் போய்க் கேட்டுட்டு வர்றேன். அப்புறம் வகுத்துப் பார்த்துட்டுப் பணம் கட்டலாம்."

"கம்மல்...?"

"அதை மீட்டாச்சு. இனிமே அது காதுலதான் இருக்கும்!"